எந்த ஊர் என்று கேட்கும் ஏடுகள்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இரண்டு வருஷமாக இங்கிலாந்து சர்ச் பதிவேடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறீராமே! வெள்ளைக்காரன் வம்சத்தைத் தேட உமக்கு என்ன வந்தது?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட முடியாது. நம் இதழின் ஆசிரியர் அதையே கட்டுரையாக எழுதித் தரும்படி கேட்டதால் இங்கே எழுதுகிறேன்.

1971-ல் திருமணமான கையோடு நான் கரக்பூருக்கு வேலைக்கு வந்தேன். ரயில்வே கணக்குப் பிரிவில் உத்தியோகம். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. என் மனைவிக்கு அப்போது வங்காளியும் தெரியாது, இந்தியும் தெரியாது. பால்காரனிடம் பேசுவதற்கும் ரேஷன் கடைக்குப் போவதற்கும் அடுத்த வீட்டு அம்மையார்தான் துணை. எங்கள் மூத்த மகள் பிறந்த இரவில் ஆஸ்பத்திரிக்கு உடன் வந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தவரும் அவரே. குழந்தைகள் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட, நாங்களும் ஆன்ட்டி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். இன்று அவருக்கு 86 வயது. கொல்கத்தாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் பழைய லெட்ஜர் எல்லாம் படிப்பீர்களே, என் தாத்தாவின் தாத்தா யார் என்று கண்டுபிடித்துத் தாருங்கள்" என்றார். அவர் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. டோர்செட் மாவட்டத்தில் பிரபு குலத்தில் பிறந்த ஒருவர், சொத்துத் தகராறில் தந்தையிடம் கோபித்துக்கொண்டு கப்பலேறி மதராஸுக்கு வந்துவிட்டார் என்பது அந்தக் கதை. அதற்குச் சாட்சியாக ஒரு வெள்ளிக் கரண்டியும் வீட்டில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய தம்பி மகன் பணம் கட்டிப் பதிவேட்டுப் படங்களைக் கணினியில் அனுப்பினார். படித்துச் சொல்வது என் வேலை. குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்களையும் அந்தக் கிராமத்தின் பெயரையும் இங்கு எழுதவில்லை.

பாரிஷ் என்பது என்ன?

நம் கத்தோலிக்க நண்பர்கள் பங்கு என்றும், தென்னிந்தியத் திருச்சபையார் சேகரம் என்றும் சொல்வதைத்தான் ஆங்கிலேயர் பாரிஷ் என்கிறார்கள். ஆனால் பழைய இங்கிலாந்தில் பாரிஷ் என்பது கோயில் வட்டாரம் மட்டுமன்று; ஊராட்சியும் அதுவே. ஏழைகளுக்குப் படி அளப்பதும் சாலை செப்பனிடுவதும் அதன் பொறுப்பில் இருந்தன. இப்படி 10,000-க்கும் மேற்பட்ட பாரிஷ்கள் அந்நாட்டில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதிரியார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு.

இந்தப் பதிவேடுகள் 1538-ல் தொடங்கின. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவு அது. ஒவ்வொரு பாரிஷிலும் ஒரு புத்தகம் வைத்து, அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுத வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி பாதிரியாரிடம், மற்றொன்று ஊர் சார்பில் இருக்கும் ஆலயக் காப்பாளரிடம். எழுதத் தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். "இது புதிதாக வரி போடுவதற்கான ஏற்பாடு" என்று ஜனங்கள் பயந்தார்களாம். கணக்கெடுப்பு என்றதும் வரி ஞாபகம் வருவது எல்லா நாட்டுக்கும் பொதுவான குணம் போலும்! உத்தரவு போட்ட கிராம்வெல் இரண்டே ஆண்டுகளில், 1540-ல், தலை வெட்டப்பட்டு இறந்தார். அவர் தொடங்கிய ஏடு மட்டும் நின்றுவிட்டது.

முதலில் காகிதத்தில் எழுதினார்கள். 1598-ல், இனித் தோலேட்டில்தான் எழுத வேண்டும், பழையவற்றையும் அதில் பெயர்த்தெழுத வேண்டும் என்று ஆணை வந்தது. "குறிப்பாக எலிசபெத் அரசியார் பட்டமேற்றது முதல்" என்று அந்த ஆணையில் ஒரு சொல் இருந்ததால், பலர் 1558-க்கு முந்தியதை விட்டுவிட்டார்கள். ஆகவே பல ஊர்களின் ஏடு 1558-ல்தான் தொடங்குகிறது. எழுதியதற்கு ஆண்டுதோறும் ஒரு நகல் பேராயருக்குப் போகவேண்டும் என்ற விதியும் அப்போதே வந்தது. மூல ஏடு எலி அரித்தோ ஈரம் பட்டோ போயிருந்தால் இந்த நகல் கைகொடுக்கும்.

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதியத் தொடங்கியது. அதற்கு முன் உள்ள சுமார் 300 ஆண்டுகளுக்குச் சாதாரண மனிதனின் பெயர் கிடைக்க வேண்டுமானால் பாரிஷ் பதிவேடுதான் முதல் கதி. பழைய ஏடுகளில் பெரும்பாலானவை இப்போது அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பலவற்றைப் படம் எடுத்துக் கணினியிலும் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

படிப்பவர் கவனிக்க வேண்டியவை

ஏட்டைத் திறந்தவுடன் எல்லாம் புரிந்துவிடாது. நான் தடுமாறிய இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு ஜனவரி 1 அன்று, மார்ச் 25. ஆகவே ஏட்டில் 1720 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1721. இதை அறியாவிட்டால், ஏப்ரலில் கல்யாணம் செய்தவர்களுக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் குழந்தை பிறந்ததாகக் கண்டு வீணாகச் சந்தேகப்படுவோம். 1752-ல் காலண்டரைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14 ஆயிற்று. இடையில் 11 நாட்கள் கிடையவே கிடையாது.

இரண்டாவது, இடைவெளிகள். உள்நாட்டுப் போர்க் காலத்திலும், பதிவு வேலை பாதிரியார் கையிலிருந்து எடுக்கப்பட்ட 1653 முதல் 1660 வரையிலும் பல ஊர்களில் ஏடு வெறுமையாகக் கிடக்கிறது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு.

மூன்றாவது, காலத்துக்கேற்ப மாறும் விவரம். பழைய ஏட்டில் "இன்னார் மகன் இன்னார்" என்ற ஒரே வரிதான். 1754 முதல் திருமணப் பதிவில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போடுவார். 1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது. ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் உண்டு. அடக்கப் பதிவில் வயது உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஏடுகள் ஆள் பெயர்ப்படி அடுக்கப்பட்டவை அல்ல; ஊர்ப்படி அடுக்கப்பட்டவை. எந்த பாரிஷ் என்று தெரியாதவன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கணினியில் பெயரைத் தட்டினால் விடை வரும், உண்மைதான். ஆனால் அதே பெயருள்ள அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். நாங்கள் ஏமாந்ததும் இங்கேதான்.

பிரபு மகனும் பெருக்கல் குறியும்

டோர்செட் என்ற மாவட்டப் பெயரையும் ஆளின் பெயரையும் வைத்துத் தேடியதில், 1798-ல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குழந்தை கிடைத்தது. தந்தை நிலபுலன் உள்ள கனவான். செய்தி கேட்டதும் ஆன்ட்டியின் உறவினர் அனைவருக்கும் ஒரே கொண்டாட்டம். முதியோர் இல்லத்தில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

ஆனால் எனக்கு ஓர் உறுத்தல். அந்த மனிதர் 1827-ல் பரங்கிமலையில் திருமணம் செய்துகொண்ட பதிவு எங்களிடம் இருந்தது. கம்பெனியின் மதராஸ் பீரங்கிப் படையில் அவர் சாதாரண வீரர். பெயருக்கு நடுவே "அவரது குறி" என்று எழுதி ஒரு பெருக்கல் அடையாளம். கனவான் வீட்டுப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமலா இருக்கும்? முப்பத்தைந்து வருடம் கணக்குத் தணிக்கை செய்தவனுக்கு இரண்டு தாள் ஒத்துப்போகாவிட்டால் தூக்கம் வராது. அந்த 1798-ஆம் வருடத்துக் குழந்தையின் ஊர் அடக்கப் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தேன். 1801-ல் இருந்தது: அதே கனவானின் குழந்தை மகன், அதே பெயர், அடக்கம். மூன்று வயதில் இறந்த பிள்ளை இந்தியாவுக்கு எப்படி வருவான்?

இதில் ஒரு பாடம் உண்டு. பிறப்பு கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. அந்த ஆள் சிறுவயதில் இறக்கவில்லை என்பதையும் அடக்க ஏட்டில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்தவர் பாட்டனாரைத் தம் பாட்டனாராகச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்கள் பலர்.

சரியான வழி வேறொரு தாளில் கிடைத்தது. கம்பெனிப் படைக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றியபோது எழுதிய பட்டியல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1820-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில் நம் ஆள் இருந்தார். தொழில், கூலி வேலை. பிறந்த பாரிஷ் இன்னது என்று ஊரின் பெயரும் இருந்தது. அந்த ஒரு சொல்தான் பூட்டின் சாவி.

மரப்பெட்டியில் இருந்த மற்றவை

அந்த ஊரின் ஏட்டில் 1799-ல் அவருடைய ஞானஸ்நானம் கிடைத்தது. தாயின் பெயர் மட்டும் உண்டு. தந்தை பெயர் இல்லை. மணமாகாதவளுக்குப் பிறந்தவன் என்ற சொல் உண்டு.

பாரிஷின் மரப்பெட்டியில் பதிவேடு மட்டும் இராது. ஏழை நிவாரணக் கணக்கும் இருக்கும். 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஏழைக்கும் "இவன் இந்த ஊருக்கு உரியவன்" என்று ஓர் ஊர் உண்டு. வேறு ஊரில் வறுமைப்பட்டால் இரண்டு நீதிபதிகள் உத்தரவிட்டுச் சொந்த ஊருக்குத் துரத்திவிடலாம். மணமாகாத கர்ப்பிணி என்றால் துரத்த இன்னும் அவசரப்படுவார்கள். ஏனென்றால் அப்படிப் பிறக்கும் குழந்தை பிறந்த ஊருக்கே உரியதாகிவிடும், அதற்குச் சோறு போடும் பொறுப்பும் அந்த ஊர் தலையில் விழும்.

நம் வீரரின் தாயும் அப்படித் துரத்தப்பட்டவள். வீட்டு வேலை செய்த ஊரிலிருந்து, பிறந்த ஊருக்கு, நிறைமாதத்தில் அனுப்பிய உத்தரவு இருக்கிறது. வண்டிக் கூலியும் கணக்கில் இருக்கிறது. பிறகு வாரம் 1 ஷில்லிங் 6 பென்ஸ் படி. 1808-ல் பையனை ஒரு பண்ணையில் பயிற்சி ஆளாகக் கட்டி வைத்தார்கள். அப்போது அவனுக்கு வயது ஒன்பது. இருபத்தொரு வயது வரை சம்பளமில்லாத உழைப்பு. கட்டு முடிந்த 1820-லேயே அவன் படையில் சேர்ந்துவிட்டான்.

கணக்குப் புத்தகம் படித்துக் கண் கலங்கியது வாழ்நாளில் எனக்கு அது ஒரு தடவைதான்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி மகன் விடவில்லை. "தகப்பன் பெயர் இல்லையே, அவர் ஏன் பிரபுவாக இருக்கக்கூடாது?" என்று கேட்டார். இருக்கலாம். மாட்டுக்காரனாகவும் இருக்கலாம். ஏடு சொல்லாததை நாம் சொல்லக்கூடாது என்று பதில் எழுதினேன்.

ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் மனைவிதான், "அவர் நம்மிடம் எதையும் மறைத்ததில்லை" என்று சொல்லி அழைத்துப் போனாள். நான் படிக்கப் படிக்க அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும், "ஒன்பது வயதிலா?" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் கரண்டி எங்கிருந்து வந்ததோ!" என்று சிரித்தார். அதன் பிறகு அவர் கேட்டதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

"பரங்கிமலையில் அவர் கல்யாணம் செய்துகொண்ட பெண் உங்கள் ஊர்க்காரி இல்லையா? அவள் எந்த ஊர், யார் மகள் என்று பாருங்களேன்."

ஒரே சொல்

மதராஸ் கோட்டையில் புனித மேரி ஆலயம் 1680-ல் திறக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேட்டில் முதல் திருமணம், பின்னாளில் கவர்னரான எலிஹு யேல் என்பவருடையது. 1753-ல் ராபர்ட் கிளைவ் மணம் செய்ததும் அங்கேதான். மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் இவற்றின் நகல்களைக் கம்பெனி லண்டனுக்கு அனுப்பி வந்தது. அவையும் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எங்களுக்குக் கிடைத்த 1827-ஆம் ஆண்டுப் பதிவு அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அதில் மணமகனுக்குப் பெயர், குடும்பப் பெயர், படைப்பிரிவு எல்லாம் உண்டு. மணமகளுக்கு ஞானஸ்நானத்தில் இட்ட ஒற்றைப் பெயரும், "இந்நாட்டுப் பெண்" என்ற குறிப்பும் மட்டுமே. தகப்பன் பெயர் இல்லை. ஊர் இல்லை. அவள் அம்மா அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பதும் இல்லை.

இது அந்தப் பெண் ஒருத்திக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1616 டிசம்பர் 22 அன்று லண்டனில் புனித டயோனிஸ் ஆலயத்தில், வங்கக் கடற்கரையிலிருந்து கம்பெனிப் பாதிரியார் பேட்ரிக் கோப்லண்ட் அழைத்துச்சென்ற ஓர் இந்தியச் சிறுவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பீட்டர் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் முதலாம் ஜேம்ஸ் மன்னரே. அந்தச் சிறுவன் லத்தீனில் கடிதம் எழுதும் அளவுக்குப் படித்தான். ஆனால் பெற்றோர் அவனுக்கு வைத்த பெயர் பதிவேட்டில் இல்லை.

டோர்செட்டில் சோற்றுக்கு வழியில்லாத ஒரு வேலைக்காரியின் வண்டிக் கூலி வரை எழுதியிருக்கிறது. அவள் முன்னோரை நாங்கள் 1600-களின் தொடக்கம் வரை தொட்டுவிட்டோம். காரணம், அவள் ஊர் எது என்பது தாளில் இருந்தது. பரங்கிமலைப் பெண்ணின் வழியோ ஒரே சொல்லோடு நின்றுவிட்டது. நான் ஆன்ட்டியிடம், "தெரியவில்லை, இனித் தெரியவும் வழியில்லை" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தம் பைபிளின் முதல் பக்கத்தில், பேரனை விட்டு, அந்த டோர்செட் தாயின் பெயரையும் இந்த ஒற்றைப் பெயரையும் அடுத்தடுத்து எழுதச் சொன்னார்.

நம் கதை

வீடு திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். என் கொள்ளுப்பாட்டியின் பெயர் எனக்குத் தெரியுமா? தெரியாது. என் பெயருக்கு முன்னால் அப்பா வைத்த இரண்டு எழுத்தில் முதலாவது எங்கள் கிராமத்தின் பெயர். இங்கே வேலையில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் "சர்நேம்" என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமல் என் தகப்பனார் பெயரைப் போட்டேன்; ஊர் எழுத்து அன்றே உதிர்ந்தது. என் பேரன் பள்ளி நோட்டில் சொந்த ஊர் தஞ்சாவூர் என்று எழுதியிருக்கிறான். எங்கள் கிராமம் தஞ்சாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். இன்னும் ஒரு தலைமுறை போனால் அது சவுத் இந்தியா ஆகிவிடும். அப்புறம் தேடுகிறவன் எந்த வாசலில் போய் நிற்பான்?

ஹரித்வாரில் யாத்திரிகர்களின் வம்சத்தை எழுதி வைக்கும் பண்டாக்கள் கேட்பதும் இதே கேள்விதான். அவர்கள் நோட்டுகளும் பூர்வீக ஊர்ப்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன. டோர்செட் பாதிரியாரின் ஏடானாலும் சரி, கங்கைக்கரை நோட்டானாலும் சரி, முதலில் "எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டுத்தான் "யார்?" என்று கேட்கிறது.

ஆகவே சங்க அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ஒரு நல்ல நோட்டு வாங்குங்கள். தாத்தா, பாட்டி, அவர்களுடைய பெற்றோர் பெயர்களை எழுதுங்கள். பெண்களின் பெயரையும் பிறந்த ஊரையும் மறவாமல் எழுதுங்கள். ஊர் என்றால் ஜில்லா போதாது; கிராமம், தாலுகா, முடிந்தால் தெரு. எந்த ஆண்டு, யார், எதற்காக ஊரைவிட்டுக் கிளம்பினார் என்பதையும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். பிரபு கதை வேண்டாம். பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ் இருந்தால் ஒரு நகல் எடுத்து நோட்டோடு வையுங்கள். இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். இரண்டு பூட்டு, இரண்டு சாவி என்று 1538-லேயே சொல்லிவிட்டார்கள் அல்லவா!

நான் என் பெரிய அத்தைக்குக் கும்பகோணத்துக்குப் போன் செய்தேன். அவருக்கு 91 வயது. கொள்ளுப்பாட்டியின் பெயரை உடனே சொன்னார். பிறந்த ஊரைக் கேட்டேன். "ஆத்துக்கு அந்தப் பக்கம்டா, பேர் நாக்கு நுனியில இருக்கு, ஞாபகம் வந்தா சொல்றேன்" என்றார். நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்துகொண்டிருக்கிறேன்.